‘வூடூ’வில் தாளம் தப்பவில்லை: இசை விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆல்பங்களுக்கு மதிப்புரை எழுதுவோருக்கும், ‘சிறந்த 500’ பட்டியல் போடும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்க ஆர் அண்ட் பி பாடகர் டி ஆஞ்சலோவின் இரண்டாவது ஆல்பம் ‘வூடூ’ 2000 ஜனவரியில் வெளியானது. வந்த வேகத்தில் அமெரிக்க ஆல்பங்களின் தரவரிசையான பில்போர்டு 200-இல் முதலிடம் பிடித்தது. மறுவருடம் சிறந்த ஆர் அண்ட் பி ஆல்பத்துக்கான கிராமியும் கிடைத்தது. பாராட்டியவர்களே அதிகம். ஆனாலும் ஒரு குறை அப்போது அடிக்கடி அச்சேறியது: பாட்டுகள் நீளம், கட்டுக்கோப்பு இல்லை, எல்லாம் தொளதொளவென்று கிடக்கிறது. ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் ‘சிறந்த 500’ பட்டியலில் 2003-இல் அதற்கு 488-ஆம் இடம். 2020-இல் அதே பத்திரிகை கொடுத்தது 28. நடுவில் ஆல்பத்தில் ஒரு சுரம்கூட மாறவில்லை.

அந்தத் தொளதொளப்பு வேண்டுமென்றே செய்த வேலை. டிரம் மெஷினில் அடிகளைத் தானாகச் சீராக்கும் வசதியை அணைத்துவிட்டு, விரலால் தட்டியதை அப்படியே விட்டவர் ஹிப்ஹாப் இசைத் தயாரிப்பாளர் ஜே டில்லா. அந்தச் சறுக்கலை நிஜ டிரம்ஸில் கொண்டுவருவதுதான் நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவில் டிரம்ஸ் கலைஞர் குவெஸ்ட்லவுக்குக் கிடைத்த வேலை. பேஸ் கிட்டாரில் பினோ பல்லாடினோ அந்த டிரம்ஸ் அடிக்கும் சற்றுப் பிந்தியே வாசித்தார்.

கணக்கு எளிது. நிமிடத்துக்கு 80 அடி என்றால் ஓர் அடிக்கு 750 மில்லி செகண்ட். பேஸ் 30, 40 மில்லி செகண்ட் பிந்தினால் காது அதை ‘இழுப்பு’ என்று உணரும். 100-ஐத் தாண்டினால் அது பிழை. பாட்டு முழுக்க அந்தச் சின்ன இடைவெளிக்குள்ளேயே நிற்பதற்குப் பெயர் அலட்சியமா? இதைக் காப்பியடிப்பவர்கள் சறுக்குவதும் இங்கேதான்: எல்லா வாத்தியத்தையும் ஒரே அளவு பின்னுக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஒருவராவது இடத்தைவிட்டு நகராமல் நின்றால்தானே மற்றவர் பிந்துவது தெரியும்!

‘ஸ்பானிஷ் ஜாயின்ட்’, ‘தி ரூட்’ இரண்டிலும் நிலைமை வேறு. மூன்று பேஸ் தந்தி, ஐந்து கிட்டார் தந்தி கொண்ட ஒரே கருவியில் சார்லி ஹன்டர் இரண்டு வேலையையும் சேர்த்தே செய்கிறார். பேஸுக்கும் கிட்டாருக்கும் தனித்தனி ஆள் தேடிய மதிப்புரைகளை என்ன சொல்ல.

சொற்கள் புரியவில்லை என்ற குறையில் பாதி நியாயம் உண்டு. டி ஆஞ்சலோ தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிந்து, வாத்தியங்களுக்கு நடுவே புதைத்திருக்கிறார். வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாலும் சில இடங்கள் பிடிபடாது. ‘அன்டைட்டில்ட்’ பாட்டின் வீடியோவில் தெரிந்த அவர் உடம்பைப் பற்றி எழுதிய அளவுக்கு இந்தக் குரலடுக்கைப் பற்றி எழுதியிருந்தால், அந்தப் பாட்டு சொல்லாமல் கொள்ளாமல் அறுந்து நிற்பதையும் யாராவது சீக்கிரம் விளக்கியிருப்பார்கள்.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு எழுதாதீர்கள். பேஸ் கிட்டாரின் தடித்த ஈ (E) தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது எழும்பாது. பேஸ் காணாமல் போனால் இழுப்பும் போய்விடும், மிஞ்சுவது மந்தமான டிரம்ஸ் மட்டும். நல்ல ஹெட்போனில் முதல்முறை ஸ்நேர் டிரம்மை மட்டும், இரண்டாம் முறை பேஸை மட்டும் பின்தொடருங்கள். ஏறக்குறைய 79 நிமிட ஆல்பம். இரண்டு முறைக்கு ஒரு மாலை போதும். பழைய மதிப்புரையை மாற்றுவதானால், சத்தமில்லாமல் மதிப்பெண்ணை மட்டும் ஏற்றாதீர்கள்; முன்பு எதைத் தவறவிட்டீர்கள் என்பதையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
டிரம்ஸ், பேஸ் வாசிப்போரும் ஒலிப்பதிவாளர்களும் சிலர்