இரவு எட்டே முக்காலுக்கு வரும் வீட்டுப்பாடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ண ஜெயந்திக்கு மறுநாள் உங்கள் மதுரைப் பதிப்பில் அரைப் பக்கத்துக்கு மழலையர் பள்ளிப் படங்கள் வந்திருந்தன. வரிசையாகக் குட்டிக் கிருஷ்ணர்கள், ராதைகள். தலையில் மயிலிறகு, கையில் புல்லாங்குழல், முன்னால் ஒரு மண்பானை, பானை வாயில் வெண்ணெய்க்குப் பதில் பஞ்சு. படத்துக்குக் கீழே தாளாளர் பெயர், முதல்வர் பெயர், ஒருங்கிணைத்த ஆசிரியைகள் பெயர் எல்லாம் போட்டிருந்தீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பட்டு வேட்டியை இடுப்பில் நிற்கிற மாதிரி தைத்தது யார், முந்தின நாள் ராத்திரி பானைக்குப் பெயிண்ட் அடித்தது யார், தூக்கக் கலக்கத்தில் அழுத பிள்ளைக்குக் காலை ஆறரைக்கு நாமம் போட்டுவிட்டது யார் என்று யாரும் போடுவதில்லை. அந்த ஆட்களில் ஒருத்தி நான்.

செல்லூரில் இருக்கிறேன். பெரியவன் இரண்டாம் வகுப்பு, சின்னவள் எல்.கே.ஜி. இரண்டு பேரும் ஒரே தனியார் பள்ளிதான். வீட்டுக்காரருக்குக் கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதும் வேலை. வீடு திரும்ப ஒன்பதரை, பத்து ஆகும். மாமியாருக்கு மூட்டுவலி. கீரை ஆய்வது, சின்ன வெங்காயம் உரிப்பது என்று உட்கார்ந்து செய்கிற வேலை எல்லாம் அவர்தான். மற்றதெல்லாம் நான். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன் என்பதால், பள்ளியில் எது கேட்டாலும் "நீங்க வீட்லதானே இருக்கீங்க" என்று ஆரம்பிக்கிறார்கள்.

பிள்ளைகள் வேனில் வந்து இறங்க நாலேகால் ஆகும். ஷூவைக் கழற்றி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து, மிச்சம் வைத்ததற்குச் சண்டை போட்டு, பால் கொடுத்துத் தெருவில் விளையாட விட்டால் ஆறு மணி. விளக்கேற்றி உட்கார வைத்தால் சின்னவளுக்கு நாலு கோடு நோட்டில் ஒரு பக்கம், அதுவும் கூட்டெழுத்து. பெரியவனுக்கு இங்கிலீஷ் ஒன்று, கணக்கு ஒன்று, இந்தி ஒன்று. இதற்குள் மாவு அரைத்தாக வேண்டும், குழம்பைச் சூடு பண்ண வேண்டும், தோசை ஊற்ற வேண்டும். எட்டரைக்குச் சின்னவளுக்குக் கண் சொக்கும். எட்டே முக்காலுக்கு போன் 'டிங்' என்று சத்தம் போடும். பள்ளி வாட்ஸ்அப் குரூப். "அன்பான பெற்றோர்களே, நாளை மாணவர்கள் கீழ்க்கண்ட பொருட்களுடன் வரவும்."

ஒரு நாள் ஆரஞ்சு நிற நாள். ஆரஞ்சு உடை, ஆரஞ்சுப் பழம், முடிந்தால் ஆரஞ்சு நிறத் தின்பண்டம். இன்னொரு நாள் சமூக உதவியாளர் தினம். தபால்காரர், போலீஸ், டாக்டர், இவர்களில் ஒருவராக வர வேண்டும், ஆங்கிலத்தில் இரண்டு வரி பேச வேண்டும். பாரதியார் பிறந்தநாள் என்றால் தலைப்பாகையும் மீசையும் கறுப்புக் கோட்டும். நாலு வயதுப் பிள்ளைக்குக் கறுப்புக் கோட்டு எந்த வீட்டில் இருக்கும்? ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் தெரு முனை ஸ்டேஷனரி கடையில் போய்ப் பாருங்கள். நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் சார்ட்டும் தெர்மாகோலும் கேட்டு நிற்போம். கடைக்காரர் இப்போதெல்லாம் எந்தப் பள்ளி என்று மட்டும்தான் கேட்கிறார். என்ன வேண்டும் என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது.

போன மாதம் பெரியவனுக்கு 'வீடுகளின் வகைகள்' என்று மாதிரி செய்யச் சொன்னார்கள். அவனுக்கு விழுந்தது இக்ளூ. பனிக்கட்டி வீடு. ஆவணி வெயிலில் வைகையே காய்ந்து கிடக்கிற ஊரில் பனிக்கட்டி வீடு! தேங்காய் மூடியைக் கவிழ்த்து, மேலே விளக்குத் திரிக்கு வைத்திருந்த பஞ்சை ஒட்டினேன். ஃபெவிகால் பாதியில் தீர்ந்துபோனது. போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மாதிரி மைதாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் காய்ச்சி, அந்தப் பசையை வைத்து மிச்சத்தை முடித்தேன். தீப்பெட்டியைக் கத்தரித்து வாசல். பெரியவன் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். "அம்மா, ஐஸ் வீட்டுக்குள்ள படுத்தா குளிராதா? அடுப்பு பத்த வச்சா வீடு உருகிறாதா?" என்று கேட்டான். எவ்வளவு நல்ல கேள்வி! பாடம் என்றால் அதுதான் பாடம். ஆனால் மணி பத்தாகிவிட்டதே, "பேசாமப் போய்ப் படுறா" என்றேன். மறுநாள் வேனில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனதுதான் அந்த இக்ளூவுக்காக அவன் செய்த ஒரே வேலை. 'எக்ஸலண்ட்' என்று நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்தார்கள். அது அவனுக்கா எனக்கா என்று நான் கேட்கவில்லை.

எழுத்து வேலை இன்னும் மோசம். எங்கள் குரூப்பில் சில அம்மாக்கள் இடது கையால் எழுதிப் பழகியிருக்கிறார்கள். பிள்ளையின் கையெழுத்து மாதிரியே கோணலாக வருமாம். கேட்டபோது சிரித்துவிட்டேன். அப்புறம் சின்னவள் பென்சில் பிடிப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை. ஐந்து விரலையும் சேர்த்துப் பென்சிலை இறுக்கிப் பிடித்து, நகம் வெளுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கூட்டெழுத்தில் 'எஃப்' போடுகிறாள். நாலு கோட்டையும் அது தொட வேண்டும். பிறந்த குழந்தையின் மணிக்கட்டில் எலும்பு கிடையாது, வெறும் குருத்தெலும்புதான். அங்கே இருக்க வேண்டிய எட்டுச் சின்ன எலும்புகளும் ஒவ்வொன்றாக உருவாகி முடியப் பத்து வயது ஆகிவிடும் என்று படித்திருக்கிறேன். நாலு வயதில் அந்தக் கையை மண்ணிலும் மாவிலும் விட்டால் போதாதா? சப்பாத்தி மாவை உருட்டச் சொன்னால் அரை மணி நேரம் சத்தமே இல்லாமல் உருட்டுகிறவள், நோட்டைப் பார்த்ததும் "அம்மா, வயிறு வலிக்குது" என்கிறாள்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கிறது. ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவு போட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் அதையே சுற்றறிக்கையாக அனுப்பியது. அந்த வகுப்புகளுக்கு மொழியும் கணக்கும் தவிர வேறு பாடமே கூடாது, பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் அதில் இருந்தது. 2020-இல் வந்த புத்தகப்பைக் கொள்கையில் மழலையர் வகுப்புக்குப் பையே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். என் மகளின் பையைக் காய்கறிக்காரரின் தராசில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கிலோவுக்கு மேல் காட்டியது. தண்ணீர் பாட்டிலை எடுத்து வெளியே வைத்த பிறகுதான் நிறுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கொள்கையில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. வீட்டுப்பாடத்துக்குப் பதிலாக, சின்னப் பிள்ளைகளிடம் நேற்றுச் சாயங்காலம் வீட்டில் என்ன செய்தாய், என்ன விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று வகுப்பில் பேச வைக்க வேண்டுமாம். எங்கள் பிள்ளைகளைக் கேட்டால் பேச விஷயமா இல்லை? அப்பத்தாவோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தது, கிரைண்டரில் உளுந்து பொங்கி வந்ததைத் தொட்டுப் பார்த்தது, மாடியில் காயப்போட்ட வடகத்துக்குக் காக்கா விரட்டியது என்று ஒரு பீரியட் போதாது. அதைக் கேட்க ஆள் இல்லை. கேட்டால் போட்டோ எடுக்க முடியாதே.

போட்டோ என்று சொன்னேன் இல்லையா, விஷயமே அதில்தான் இருக்கிறது. ஆசிரியைகளை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வகுப்பு மிஸ்ஸுக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். "என் பிள்ளைங்களத் தூங்க வச்சிட்டுத்தாங்க மெசேஜ் போடுறேன், மேனேஜ்மென்ட்ல சாயங்காலம்தான் சொல்றாங்க" என்றார். அவரும் நம்மை மாதிரிதான் மாட்டிக்கொண்டிருக்கிறார். நிர்வாகத்துக்கு வேண்டியது படம். ஆரஞ்சு உடையில் நாற்பது பிள்ளைகள் நின்றால் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு ஒரு படம், ஏப்ரலில் அட்மிஷன் ஃப்ளெக்ஸுக்கு ஒரு படம், உங்கள் பத்திரிகைக்கு ஒரு படம். விளம்பரச் செலவை மிச்சம் பிடிக்கிறார்கள். அந்த மிச்சம் எங்கள் அடுப்படியிலிருந்து போகிறது.

தின்பண்டத்துக்கும் கால அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். திங்கள் பழம், செவ்வாய் முளைகட்டிய பயறு, புதன் பாதாம் முந்திரி, இப்படிப் போகிறது. பிஸ்கட் கூடாது என்பது சரி, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செவ்வாய்க்கிழமை டப்பாவில் முளை எட்டிப் பார்க்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பயறை ஊறப்போட வேண்டும், ராத்திரி துணியில் கட்ட வேண்டும், மறுநாள் மறக்காமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். கிழமைக்கு ஒரு மூட்டை கட்டுகிறவள் கையில் எட்டே முக்காலுக்கு ஆரஞ்சு நிறத் தின்பண்டம் எங்கிருந்து வரும்?

எதிர்வீட்டு அக்காவைப் பார்க்கிறேன். தறி வேலைக்குப் போகிறார். அவர் மகன் மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15 அன்று இங்கே சிம்மக்கல் பக்கம் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் முதலமைச்சர் தொடங்கி வைத்தார். மறு வருடம் மாநிலத்தில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பையன் பள்ளியில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சாப்பிடுகிறான், மதியம் முட்டையோடு சத்துணவு. "காலையில தலை சீவிவிட்டு அனுப்புறதோட சரி" என்கிறார் அக்கா. ஒரு அரசுத் திட்டம் நேரடியாக ஒரு அம்மாவின் காலை வேலையைக் குறைத்ததை நான் கண்ணால் பார்த்தது இதுதான். நாங்களோ வருடா வருடம் ஃபீஸ் கட்டி வேலையை வாங்கி வைத்துக்கொள்கிறோம். "அப்ப அங்கேயே சேர்க்க வேண்டியதுதானே" என்று சிலர் கேட்பார்கள். வீட்டில் அந்தப் பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது. மாமியார் சம்மதித்துவிட்டார், வீட்டுக்காரர்தான் இன்னும் யோசிக்கிறார்.

அவர் யோசிப்பதற்குக் காரணம், இந்த வேலை அவர் கண்ணில் படுவதே இல்லை. அட்மிஷன் படிவத்தில் நான் அவர் செல் நம்பரைத்தான் எழுதினேன். அலுவலகத்தில் அதை அடித்துவிட்டு, "சார் வேலைக்குப் போறவங்க, அவங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும், உங்க நம்பரக் குடுங்க" என்றார்கள். அதிலிருந்து குரூப்பில் ஒரு அப்பா கூட இல்லை. மத்திய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாமல் தங்கள் வீட்டு வேலையைப் பார்க்கும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவழிக்கிறார்கள், ஆண்கள் 88 நிமிடம் என்று வந்தது. எங்கள் வீட்டில் அந்த 88-ஐயும் காணோம் என்பது வேறு கதை. என் சந்தேகம், தேங்காய் மூடியில் பஞ்சு ஒட்டியதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்பதுதான்.

பள்ளி எதுவுமே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்பதைப் பகலில் கேளுங்கள், பிள்ளை வேனில் ஏறும் முன்னால் அவன் டைரியில் எழுதி அனுப்புங்கள். மாதிரி செய்ய வேண்டும் என்றால் பழைய அட்டையும் களிமண்ணும் வகுப்பிலேயே கொடுத்து அவன் கையால் செய்யவிடுங்கள், கோணலாக இருந்துவிட்டுப் போகட்டும். குரூப்பில் அப்பா நம்பரையும் சேருங்கள், ராத்திரி கடையை அடைத்துவிட்டு வருகிற வழியில் சார்ட்டை அவரே வாங்கி வரட்டும். கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வுக்குப் போகிறவர்கள் ஒன்று, இரண்டாம் வகுப்பு வீட்டுப்பாட நோட்டைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். தீர்ப்பு வந்து இத்தனை வருடம் கழித்தும் அந்த நோட்டுகள் பள்ளியிலேயே விற்கப்படுகின்றன.

வரும் சனிக்கிழமை எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கேட்பதாக இருக்கிறோம். வெறும் வாயால் சொன்னால், "எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான்" என்று அனுப்பிவிடுவார்கள். அதனால் ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த உயர் நீதிமன்ற உத்தரவையும் சுற்றறிக்கையையும், எந்த வகுப்புக்கு என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது என்று தமிழில் எளிமையாக ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். முடிந்தால் வெள்ளிக்கிழமைக்குள். சமையல் குறிப்பு வருகிற பக்கத்திலேயே போட்டால் நல்லது, அதைத்தான் நாங்கள் கத்தரித்து வைப்போம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
செல்லூர், மதுரை – 2.