12 நொடி மேடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் சைக்கிள் பயிற்சி எடுக்கும் இளைஞர்களைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 36 கொண்டை ஊசி வளைவையும் கால் ஊன்றாமல் ஏறுகிறார்கள் என்றால் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் நடுவே ஒரு வரி வந்தது. மலைப்பிள்ளைகளுக்குத் தம் உண்டு, கடைசி நேரப் பாய்ச்சல் வராது என்கிற மாதிரி. 31 வருடம் இந்த மலையில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். அந்த வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

ஊட்டி இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டரில். மெக்சிகோ நகரமும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். 1968 ஒலிம்பிக்கில் அங்கே நீண்ட தூரம் ஓடியவர்கள் மூச்சு வாங்கித் தவித்தார்கள். ஆனால் 100 மீட்டர் 9.95 நொடியில் முடிந்தது. சைக்கிளில் பிரான்சின் பியர் திரெந்தான் 1 கிலோமீட்டரை 1 நிமிடம் 3.91 நொடியில் ஓட்டி உலக சாதனை படைத்தார். மெல்லிய காற்று மூச்சுக்குத்தான் எதிரி. பாய்ச்சலுக்கு அது வழிவிடும். முதல் 10 நொடி முழு வேகத்துக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கு தசைக்குள் ஏற்கெனவே சேர்த்து வைத்த சரக்கிலிருந்து வருகிறது. அதற்கு ஆக்சிஜனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆக, உயரம் எங்கள் பிள்ளைகளைத் தடுக்கவில்லை. யாரும் அளந்து பார்க்காததுதான் தடுக்கிறது.

அளப்பதற்கு பவர் மீட்டர் வேண்டும் என்பார்கள். பெடலிலோ, பெடலைத் தாங்கும் கிராங்கிலோ பொருத்துகிற கருவி. ஒவ்வொரு நொடியும் எத்தனை வாட் சக்தியில் மிதிக்கிறோம் என்று காட்டும், நல்ல சாமான்தான். விலை பல ஆயிரம். தேயிலை லாரி ஓட்டுகிற ஒருவரின் மகள் 11-ஆம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்காக நான் செய்த ஏற்பாட்டுக்குச் செலவே இல்லை.

எங்கள் தெருவுக்குப் பின்னால் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு சிமெண்ட் பாதை ஏறுகிறது. அதில் டேப் பிடித்து 60 மீட்டருக்கு இரண்டு கோடு போட்டேன். உயரம் பார்க்கப் பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் வாங்கினேன். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடிக்க, படிப்படியாக நகர்ந்து முடிக்க ஒரு காலைப்பொழுது போனது. இடையில் குமிழி புகுந்து இரண்டு முறை முதலிலிருந்து ஆரம்பித்தோம். மொத்த ஏற்றம் 7.2 மீட்டர் வந்தது. மாணவி 46 கிலோ, சைக்கிள் 14 கிலோ. மொத்தம் 60 கிலோ. அதைப் புவியீர்ப்புக்கான 9.8-ஆலும், ஏற்றமான 7.2-ஆலும் பெருக்கினால், மேலே ஏறச் செலவான ஆற்றல் 4,234 ஜூல். அதை எடுத்துக்கொண்ட நொடியால் வகுத்தால் வாட். நின்ற நிலையிலிருந்து கிளம்பி முதல் நாள் அவள் எடுத்தது 12.4 நொடி. அதாவது 341 வாட்.

காற்றும் டயரும் தின்பது இதில் சேராது, வேகம் பிடிக்கச் செலவாவதும் சேராது. உண்மையான அளவு இன்னும் கூடத்தான் இருக்கும். ஆனால் அதே ஆள், அதே மேடு என்றால் ஒப்பிட இது போதும். கையால் ஸ்டாப்வாட்ச் அமுக்குவதில் 0.2 நொடி பிசகினாலும் 6, 7 வாட் மாறிவிடும். ஆகவே 5 வாட் கூடியது என்று யாரும் மிட்டாய் கொடுக்க வேண்டாம்.

அவளது சைக்கிளுக்கு முன்னால் 44 பல், பின்னால் 18 பல், கியர் கிடையாது. அந்த 60 மீட்டருக்குள் பெடல் 12 சுற்றுகூடச் சுற்றவில்லை. ஒவ்வொரு மிதியும் மாவாட்டுவது போல. வாட் என்பது அழுத்தத்தையும் சுழலும் வேகத்தையும் பெருக்கி வருவது. பெரும்பாலோருக்கு உச்ச பவர் கிடைப்பது நிமிடத்துக்கு 110 முதல் 130 சுற்று வரையில். இவள் 60 சுற்றைத் தொடவே திணறினாள். மலைப்பிள்ளைகளுக்கு வேகம் வராது என்று சொல்பவர்கள் பின்சக்கரத்துப் பல்லை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். பின்னால் பல் கூடினால் மிதி இலகுவாகும், கால் வேகமாகச் சுழலும். சைக்கிள் கடையில் பின்சக்கரத்துக்கு 22 பல் ஃப்ரீவீல் மாட்டி, செயினில் கண்ணி சேர்த்தோம். மறுநாளே 11.8 நொடி, 359 வாட். கால் அதே கால்தான்.

அடுத்த எட்டு வாரம் வாரத்துக்கு இரண்டு நாள். 20 நிமிடம் உடம்பைச் சூடு பண்ணுவது முதல் வேலை. ஜனவரி உறைபனியில் விறைத்த தொடையோடு பாய்ந்தால் வாட்டும் வராது, தசைதான் பிடித்துக்கொள்ளும். அப்புறம் 10 நொடிப் பாய்ச்சல் ஆறு. அதில் மூன்று மேட்டில். மூன்று, கோயில் மைதானத்தைச் சுற்றிக் கிடைக்கிற கொஞ்சம் சமதளத்தில், காலைச் சுழற்றிப் பழக. ஒவ்வொன்றுக்கும் இடையில் முழுசாக 5 நிமிட ஓய்வு. வீட்டில் அப்பாவின் காலி இலைச் சாக்கில் மண் போட்டுத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தாள். எட்டாவது வார முடிவில் 11.1 நொடி. 381 வாட்.

அந்த 5 நிமிடத்தைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அவளது அத்தை வந்து பார்த்துவிட்டு, "என்ன சார், பாதி நேரம் சும்மாதானே உட்கார வைக்கிறீங்க?" என்றார். அவரையாவது சொல்லிப் புரியவைத்தேன். எட்டு வாரம் முடிந்து அவள் போன ஒரு தேர்வு முகாமில், அரை நிமிட இடைவெளியில் தொடர்ந்து பத்துப் பாய்ச்சல் விட்டார்கள். தசையில் காலியான சரக்கு பாதி நிரம்பவே ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும், முழுசாக நிரம்பப் பல நிமிடம். முதலாவதில் முன்னால் வந்த பெண் பத்தாவதில் பின்தங்கினாள். "ஸ்டாமினா இல்லை, கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். அங்கே பார்த்தது களைப்பை எவ்வளவு தாங்குகிறாள் என்பதை. அதுவும் ஒரு திறமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டது ஸ்பிரிண்ட், அதாவது குறுகிய பாய்ச்சல் பிரிவுக்கு ஆள். பஸ்ஸில் திரும்பும்போது லவ்டேல் வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாவட்ட அளவில் சைக்கிள் வீரர்களைத் தேர்வு செய்பவர்களுக்கு நான் வைக்கும் கோரிக்கை சின்னது. நீண்ட ஏற்றத்தில் நேரம் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு ஒரு நாள், நன்றாக ஓய்வு கொடுத்து, மூன்று முறை மட்டும் குறுகிய மேட்டில் ஓட்டவிட்டுச் சிறந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எடையையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் 46 கிலோவையும் 70 கிலோவையும் எப்படி ஒப்பிடுவது? தேவைப்படுவது ஒரு சாக்பீஸ், ஒரு ஸ்டாப்வாட்ச், எடைபார்க்க ரேஷன் கடைத் தராசு இருந்தாலும் சரி.

எங்கள் மேட்டில் இரண்டு கோட்டையும் இப்போது பெயின்ட்டால் போட்டிருக்கிறேன். காலை ஆறரை மணிக்கு முன்னால் வந்தால் சுற்றுலா வேன் தொல்லை இருக்காது. இறங்கும்போது பிரேக் கட்டை தேயாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு வரவும். வேறு ஊரில் மேடு அளக்க விரும்பும் ஆசிரியர்களுக்குத் தண்ணீர் டியூப் இரவல் தரத் தயார். கொத்தனாரிடம் அதை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
ஊட்டி