மார்கழி வெயில்

அன்புள்ள கண்ணு,

"டொரண்டோவுல அஞ்சு மணிக்குள்ள இருட்டிடுதும்மா, வேலை முடிஞ்சா வெளியே போகவே தோணலை" என்று போனில் சொன்னாயே, அது மனசைவிட்டுப் போகவே இல்லை. அதனால்தான் நேற்று நடந்ததை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நானும் அப்பாவும் அமிர்தி காட்டுக்குப் போய் வந்தோம். வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர்தான், ஆனாலும் நீ ஆறாவது படிக்கும்போது போனதோடு சரி. 'மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு' என்று நம் ஊரைச் சொல்வார்களே, ஜவ்வாது மலை அடிவாரத்தில் அந்தப் பேச்சு எடுபடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றில் கணுக்கால் நனைய தண்ணீர் ஓடுகிறது.

மூங்கில் நிழலில் நல்ல குளிர். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தேன். பாதை திரும்பியதும் முதுகில் வெயில் விழுந்தது பார், அப்படியே நின்றுவிட்டேன். சித்திரையில் இதே வெயிலுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவள்தான் நான். பாறை மேல் ஒரு ஓணான் உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு வெயில் காய்ந்தது. புல் நுனியில் ஒரு பட்டாம்பூச்சி, இரண்டு சிறகையும் விரித்துவைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தது. உடம்பு சூடேறினால்தான் அதால் பறக்க முடியுமாம். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சிறகு லேசாக நடுங்கியது, அடுத்த நொடி அங்கே இல்லை.

அங்கே 1967-இல் ஆரம்பித்த மிருகக்காட்சிசாலையைச் சீக்கிரமே சுற்றிவிட்டோம். கூண்டுக்குள் பார்க்கிற ஆசை எனக்குப் போய்விட்டது.

வழியில் ஒரு சந்தன மரம். உதிர்ந்து கிடந்த இலையைக் கசக்கி முகர்ந்தேன், வாசனையே இல்லை. அப்பாவுக்கு வாத்தியார் வேலை திரும்பி வந்துவிட்டது. மரம் முற்றி, உள்ளே வைரம் பாய்ந்தால்தான் மணம் வருமாம். அதன் வேர் பக்கத்து மரத்து வேரைப் பற்றிக்கொண்டு சாறு எடுக்குமாம், அதனால்தான் கன்று நடும்போதே பக்கத்தில் துவரை ஊன்றுகிறார்களாம். இத்தனை வருஷம் சந்தனம் அரைத்தும் எனக்கு இது தெரியாது.

ஆற்றோரப் பாறையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். ஒரு கை பிசையும்போதெல்லாம் உன் நினைப்புதான்.

உன் ஆபீஸ் பக்கத்தில் பூங்கா இருக்கிறது என்றாயே. மத்தியான இடைவேளையில் வெயில் அடித்தால், கோட்டை மாட்டிக்கொண்டு பத்து நிமிஷமாவது போய் நட. காதை நன்றாக மூடிக்கொள். அங்கே என்னென்ன மரம் நிற்கிறது என்று எழுது, அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
அம்மா