பெட்டியில் கறிவேப்பிலை வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைகள் என்னென்ன எடுத்துப் போகவேண்டும் என்று போன ஞாயிறு இணைப்பில் ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, நெய் மூன்றும் அதில் இருந்தன. ஐரோப்பாவுக்குப் போகிறவர்களுக்கு இது சரிவராது. 2019 டிசம்பர் 14 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் காய், பழம், கீரை கொண்டுபோக, பூச்சியோ நோயோ இல்லை என்று அரசு தரும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, துரியன் ஐந்துக்கு மட்டும்தான் விலக்கு. பால் பொருள்களும் கூடாது. நெய்யும் அதில் சேர்த்திதான். இது தெரியாமல், மகள் பிரசவத்துக்குப் பெர்லின் போனபோது வீட்டு மரத்துக் கறிவேப்பிலையை ஈரத்துணியில் சுற்றி எடுத்துப்போனேன். விமான நிலையத்தில் அத்தனையும் குப்பைத்தொட்டிக்குப் போனது.

அங்கே பச்சைக் காய்கறி கிடைக்காது, இந்தியக் கடையில் ஐஸில் வைத்த பாக்கெட்தான் கதி என்று எழுதியிருந்ததுதான் எனக்கு இன்னும் வருத்தம். மே மாதம் போய் மூன்று மாதம் இருந்தேன். இந்தியக் கடைக்குப் பருப்பும் புளியும் வாங்க மட்டுமே போனேன்.

மகள் வீட்டுக்குப் பக்கத்தில், மைபாக்ஊஃபர் என்ற கால்வாய்க் கரையில், செவ்வாயும் வெள்ளியும் சந்தை கூடும். நம் ஊர் வாரச் சந்தை போலத்தான், கூவிக் கூவி விற்கிறார்கள். கடைக்காரர்களில் நிறையப் பேர் துருக்கிக்காரர்கள். ஜெர்மனியும் துருக்கியும் 1961இல் போட்ட ஒப்பந்தத்தின்படி ஆலை வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், பேரன்கள். வெண்டைக்காய், பச்சை மிளகாய், கத்தரிக்காய், புதினா எல்லாம் குவித்து வைத்திருப்பார்கள். எந்த நாட்டுக் காய், கிலோ என்ன விலை என்று ஒவ்வொரு குவியலிலும் அட்டை இருக்கும். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் போனால் விலை இறங்கிவிடும். கொத்தமல்லி என்று நினைத்து முதல் வாரம் பார்ஸ்லி வாங்கி வந்துவிட்டேன். அப்புறம் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்காமல் வாங்கியதில்லை.

ஜூனில் ஒரு கடையில், சிவந்த தண்டும் தடித்த சின்ன இலையுமாக ஒரு கட்டுக் கீரை. கிள்ளிப் பார்த்தேன், விரலில் கொழகொழவென்று ஒட்டியது. நம் பருப்புக்கீரையேதான். "செமிஸோத்து" என்றார் கடைக்காரர். "யோகுர்ட்" என்று சொல்லி, கையால் கலக்குவதுபோல் காட்டினார். அவர்கள் பச்சையாகவே தயிரும் பூண்டும் சேர்த்துச் சாப்பிடுகிறார்களாம். நான் பாசிப்பருப்புப் போட்டுக் கடைந்தேன். பிள்ளை பெற்ற உடம்புக்குக் குளிர்ச்சி ஆகாது என்று நாற்பது நாள் பொறுத்துத்தான் மகளுக்குப் போட்டேன். தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

நூல்கோலை இலையோடு விற்கிறார்கள். வாங்குகிறவர்கள் பலர் இலையைத் திருகி அங்கேயே பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெட்டியைக் காட்டி, எடுத்துக்கொள்ளட்டுமா என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். கடைக்கார அம்மா இரண்டு கை கொள்ளாமல் அள்ளிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. நரம்பை நீக்கி, பொடியாக அரிந்து, தேங்காய்த் துருவல் போட்டால் அருமையான பொரியல். அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அம்மா எனக்கென்று ஒரு பை நிறைய எடுத்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் மூடியிருக்கும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். போன புதிதில் ஒரு ஞாயிறு வீட்டில் வெங்காயம்கூட இல்லாமல் தவித்தோம்.

அக்டோபரில் ஜெர்மனியில் வகுப்பு தொடங்குகிறது. பிள்ளைகள் பெட்டி கட்டுவதற்குள் அந்தப் பட்டியலைத் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். இடம் இருந்தால் செமிஸோத்து என்ற பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அண்ணாநகர், மதுரை.