அறளை தொடங்கும்போதே காணி, வங்கிப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் ஒரு முதியவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், சாப்பிட்டதை மறந்து மீண்டும் சோறு கேட்டால், 'அவருக்கு அறளை பெயர்ந்திட்டுது' என்று சொல்லிவிட்டு நாம் நமது அலுவலைப் பார்க்கப் போய்விடுகிறோம். வயது போனால் வருவதுதானே என்ற எண்ணம் நமக்கு. அது மூளையைப் படிப்படியாகத் தாக்கும் நோய் என்பதும், மருத்துவர்கள் டிமென்சியா என்று சொல்லும் அந்த நிலைக்கு 60 முதல் 70 சதவீதமானோரில் அல்சைமர் நோயே காரணம் என்பதும் அப்பா நோயாளியான பின்னர்தான் எங்கள் வீட்டுக்குத் தெரியவந்தன. நோயைப் பற்றி எழுத மருத்துவர்கள் இருக்கிறார்கள். அது ஒரு விவசாயக் குடும்பத்தின் பணத்தையும் காணியையும் எவ்வாறு முடக்கிவிடுகிறது என்பதையும், அதற்கு முன்னரே நாங்கள் என்ன செய்திருக்கலாம் என்பதையும் தங்கள் பத்திரிகை வாயிலாக மற்றவர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

வட்டக்கச்சியில் இரணைமடுக் குளத்து நீரை நம்பி நெல் விதைக்கும் குடும்பம் எங்களுடையது. பெயர்களும் முகங்களும் மறப்பதற்கு முன்னரே அப்பாவுக்குக் கணக்குப் பிழைக்கத் தொடங்கியது. காலபோகத்துக்கு உழுத உழவு இயந்திரக்காரருக்குக் கூலியைக் கொடுத்தவர், இரண்டு நாள் கழித்து அவர் இல்லாத நேரத்தில் அவருடைய வீட்டுக்குப் போய், மனைவியின் கையில் அதே கூலியை மீண்டும் கொடுத்திருக்கிறார். மறு வாரம் மூன்றாவது தடவையும் கொடுக்கப் போனபோது, அந்த நல்ல மனிதர் கூடுதலாக வந்த பணத்தை எடுத்துவந்து அம்மாவிடம் ஒப்படைத்து, 'ஐயாவை ஒருக்கால் டொக்டரிட்டைக் காட்டுங்கோ' என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் காட்டவில்லை. அறுவடை முடியட்டும் என்றிருந்தோம். பணத்தைக் கையாள்வதில் ஏற்படும் இத்தகைய தடுமாற்றம் இந்நோயின் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று என்பதை அன்று அறிந்திருந்தால் ஒரு முழு வருடத்தை இழந்திருக்க மாட்டோம். (தைரொயிட் குறைபாட்டாலும் விற்றமின் பி12 குறைபாட்டாலும்கூட மறதி வரலாம் என்பதாலும், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு என்பதாலும், நேரத்தோடு காட்டுவது எவ்வகையிலும் வீண்போகாது.) அந்த வருடத்தில் அப்பாவுக்குத் தன் காணி எது, அதை யாரிடம் விட்டுப் போக வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகத் தெரிந்திருந்தது. கையெழுத்தும் கையில் இருந்தது.

அடுத்த போகத்து நெல் விற்ற பணம் வங்கியில் அப்பாவின் பெயரில் இருந்தது. அதை எடுக்க அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். படிவத்தில் பெயரின் முதல் எழுத்தைப் போட்டவர் அப்படியே நின்றுவிட்டார். பேனை முனை தாளில் ஊன்றியபடி இருக்க, மை ஒரு பொட்டளவுக்குப் பெருத்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, 'மிச்சம் என்ன பிள்ளை?' என்று கேட்டார். கருமபீடத்தில் இருந்தவர் மரியாதையாகவே நடந்துகொண்டார். ஆனால் ஒத்துப்போகாத கையெழுத்துக்கு அவரால் பணம் தர முடியாது. உர மானியமும் அந்தக் கணக்குக்கே வருகிறது. உழைத்த பணம் அங்கே கிடக்க, அப்பாவின் செலவுக்காக அம்மாவின் காப்புகளை அடகு வைத்தோம்.

அரச மருத்துவமனையில் வைத்தியம் இலவசம்தானே, பிறகு என்ன செலவு என்று உறவினர்கள் கேட்பதுண்டு. இந்நோயில் பெருஞ்செலவு மருத்துவமனைக்கு வெளியேதான் இருக்கிறது. பரிசோதனைக்காக யாழ்ப்பாணம் வரை போய்வரும் வாகனக் கூலி, கிளினிக்கில் மருந்து முடிந்த மாதங்களில் வெளியே வாங்கும் குளிசை, அப்பா இரவில் எழுந்து நடக்கத் தொடங்கிய பின்னர் அடைத்த வேலி, இப்போது பம்பேர்ஸ் எனச் செலவு ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்கிறது. நாளொன்றுக்கு இரண்டு என்றாலும் பத்துக் கொண்ட பொதி ஐந்து நாட்களில் முடிந்துவிடும். வருமானம் குறைந்த குடும்பங்களில் 70 வயதைக் கடந்தவர்களுக்கான மாதக் கொடுப்பனவு 2025 ஆம் ஆண்டில் 3000 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்த்தப்பட்டதை நன்றியுடன் குறிப்பிடுகிறேன். எனினும், அது முழு மாதத்துப் பம்பேர்சுக்கே போதாது. இவை எல்லாவற்றிலும் பெரிய செலவு எந்தப் பற்றுச்சீட்டிலும் எழுதப்படுவதில்லை. அப்பாவைத் தனியே விட முடியாமற் போனபோது நான் எனது முன்பள்ளி ஆசிரியை வேலையை விட்டேன். டிமென்சியாவுக்காக 2019 இல் உலகம் முழுவதிலும் ஏற்பட்ட 1.3 ட்ரில்லியன் டொலர் செலவில் ஏறத்தாழப் பாதி, வீட்டில் இருந்து பார்ப்பவர்களின் உழைப்பே என்றும், அந்தப் பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதத்தைப் பெண்களே கொடுக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆகவே, குடும்பம் கூடிப் பேசும்போது வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை எவ்வளவு அனுப்புவார் என்று கேட்பதோடு நிறுத்தாமல், வேலையை விடப்போகும் மகளுக்கோ மருமகளுக்கோ மாதந்தோறும் என்ன கொடுக்கப்படும் என்பதையும் அன்றே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

கனடாவில் இருக்கும் அண்ணா, அப்பாவிடம் அற்றோணித் தத்துவம் (தம் சார்பில் கையெழுத்திட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். எழுதிக் கொடுப்பவர் அதன் பொருளை விளங்கிக்கொள்ளும் நிலையில் இருக்க வேண்டும் என்பதையும், முன்னரே எழுதியிருந்தாலும் அவர் சுயபுத்தியை இழந்தபின் அது செல்லுபடியாகாது என்பதையும் சட்டத்தரணி விளக்கிய பிறகே அறிந்தோம். அதன்பின் எஞ்சுவது, சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்குமாறு மாவட்ட நீதிமன்றத்தைக் கேட்பதுதான். அதற்கும் காலமும் காசும் வேண்டும்.

எங்கள் வயல், குடியேற்றத் திட்டங்களில் உள்ள பெரும்பாலான காணிகளைப் போலவே, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி. அதை நினைத்தபடி விற்க இயலாது. அனுமதிப்பத்திரம் உடையவர் தமக்குப் பின் காணியைப் பெறப்போகும் பின்னுரித்தாளரை நியமித்துப் பதிவு செய்யாவிட்டால், வாழ்க்கைத் துணைக்குப் பின்னர் சட்டத்தின் அட்டவணை சொல்லும் வரிசையிலேயே உரித்துப் போகும். பத்து வருடம் கூட இருந்து பார்த்தவர் யார் என்று அந்த அட்டவணை கேட்பதில்லை. முள்ளியவளையில் அம்மாவுக்குச் சீதனமாக வந்த, சொந்த உறுதிப்பத்திரம் உள்ள உறுதிக் காணியில் ஒரு துண்டை விற்கலாம் என்று நொத்தாரிசிடம் போனபோதோ, வடபகுதித் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையின்படி கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றார். சம்மதம் தர வேண்டியவர் வெளியே வாகனத்துக்குள் இருந்து, யாருடைய வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கணவர் சித்தசுவாதீனம் இழந்தவராயின், மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அச்சம்மதம் இன்றியே விற்க அனுமதி பெறலாம் என்று 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. இது தெரியாமல் நகையை இழந்தும் நுண்கடனுக்குள் விழுந்தும் தவிக்கும் தாய்மார் நம் பகுதியில் இருக்கிறார்கள் என்பதாலேயே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

2009 இல் இடத்துக்கிடம் ஓடிய மாதங்களில் அப்பா இந்தப் பத்திரங்களை இரட்டைப் பொலித்தீன் பையில் சுற்றித் தம் இடுப்பில் கட்டியிருந்தார். கிணற்றடிக்குப் போகும்போதுகூட அவிழ்த்து வைத்ததில்லை. இன்று அதே பையைக் கையில் கொடுத்தால், தடவிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தருகிறார். பத்திரங்களைத் தொலைத்துவிட்ட குடும்பங்களில் எல்லையையும் துண்டு இலக்கத்தையும் மனத்தில் வைத்திருப்பது ஒரு முதியவர் மட்டுமே. அவர் மறந்துவிட்டால் காணிப் பதிவகத்தில் எதைத் தேடுவது என்றே பிள்ளைகளுக்குத் தெரியாது.

ஆகவே, வீட்டில் ஒருவருக்கு அறளை தொடங்குகிறது என்ற ஐயம் எழுந்தவுடனேயே, அவரையும் நடுவில் இருத்திப் பேசி, வங்கிக் கணக்கை இருவரில் எவரும் பணம் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். பின்னுரித்தாளரைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் பதியுங்கள். உறுதிக் காணியைப் பிள்ளைகளுக்கு எழுதுவதாயின், பெற்றோரின் சீவிய உருத்தை (உயிரோடு இருக்கும்வரை காணியை அனுபவிக்கும் உரிமையை) உறுதியில் கட்டாயம் வைத்திருங்கள். முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பது நோயைவிடக் கொடியது.

எமது மாவட்டங்களின் பிரதேச செயலாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நடமாடும் சேவைகளில் பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் மேசை போடுவதைப் போல, 60 வயதைக் கடந்தவர்களின் பின்னுரித்து நியமனத்துக்கும் ஒரு மேசை போடுங்கள். அதில் ஒரு சட்டத்தரணியையும் அமர்த்துங்கள். மனநலக் கிளினிக்குகளில் இந்நோய் உறுதிசெய்யப்படும் நாளிலேயே, கையெழுத்து அலுவல்களை முடித்துக்கொள்ளுமாறு குடும்பத்துக்குச் சொல்லப்படவும் வேண்டும். சீதனக் காணியை அப்பாவின் சம்மதம் இன்றி விற்க அனுமதி கேட்டு அம்மா நீதிமன்றத்தில் செய்த மனு இந்த மாதம் மீண்டும் அழைக்கப்படுகிறது. அன்றைய தினம் அப்பாவோடு வீட்டில் யார் இருப்பது என்பதை இன்னமும் நாங்கள் தீர்மானிக்கவில்லை.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.