“நேராக இரு” என்பதற்குப் பதிலாக: திருகோணமலைப் பாடசாலை அதிபர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அதிபர்களே, ஆசிரியர்களே, வணக்கம்.

போன மாதம் காலைக்கூட்டத்தில் வெயிலில் நின்ற என் மகள் மயங்கி விழுந்துவிட்டாள். ஒன்பதாம் ஆண்டு படிக்கிறாள். சாப்பிடாமல் போனாளா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள், சாப்பிட்டுத்தான் போனாள். பிறகு ஆறுதலாக விசாரித்தால், அசையக்கூடாது என்று சொன்னதால் முழங்கால் இரண்டையும் இறுக்கிக்கொண்டு நின்றாளாம். காலுக்கு இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளிவிடுவதில் கெண்டைக்கால் தசைகளுக்குப் பெரிய பங்கு உண்டு, அவை சுருங்கி விரிந்தால்தான் அந்த வேலை நடக்கும். வெயிலில் ஆடாமல் அசையாமல் நிற்கவைத்தால் இரத்தம் காலில் தேங்குகிறது, மூளைக்குப் போவது குறைகிறது, பிள்ளை விழுகிறது. ஒரு பிள்ளை பாரத்தைக் கால் மாற்றி நின்றாலோ குதிகாலைத் தூக்கி இறக்கினாலோ தயவுசெய்து அதட்டாதீர்கள்.

ஆனால் எனக்குப் பெரிய கவலை வகுப்பறைதான்.

நான் 20 வருடமாகத் தையல் மெஷினுக்கு முன்னால் இருப்பவள், நாரிநோவு (கீழ்முதுகு நோவு) என்றால் என்னவென்று எனக்கு நன்றாகவே தெரியும். சின்ன வயதில் எனக்கும் “கூனாதே, நெஞ்சை நிமிர்த்து” என்றுதான் சொன்னார்கள். நானும் தோளைப் பின்னால் இழுத்து, மூச்சைப் பிடித்து, ஐந்து நிமிடம் இருப்பேன், அப்புறம் சரிந்துவிடுவேன். நிமிர்வதென்றால் விறைப்பது என்று அந்த வயதில் படிந்துபோனதை மாற்ற எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது. முதுகெலும்பு தடி மாதிரி நேராக இருப்பதில்லை. கழுத்தில் 7, நெஞ்சுக்குப் பின்னால் 12, நாரியில் 5 என்று 24 எலும்புகள், கழுத்திலும் நாரியிலும் உள்ளே வளைந்து, நெஞ்சுப் பக்கம் வெளியே வளைந்து அடுக்கியிருக்கின்றன, அந்த வளைவுகள்தான் பாரத்தைத் தாங்குகின்றன. எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டுகளுக்கு, வளர்ந்தவர்களில், நேரடி இரத்த ஓட்டம் கிட்டத்தட்ட இல்லை. நாங்கள் அசையும்போது அமுங்கி, திரும்ப ஊறித்தான் அவை ஊட்டம் பெறுகின்றன. ஆகவே எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரே மாதிரி மணிக்கணக்காக இருந்தால் உடம்புக்குக் கேடுதான்.

உப்புவெளிப் பக்கம் கரைவலை இழுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு யார் இழுக்கிறார்கள்? காலை மணலில் ஊன்றி, முழு உடம்பையும் பின்னால் சாய்த்து, உடம்பின் பாரத்தாலேயே இழுக்கிறார்கள், அடி மாற்றி அடி வைத்துக்கொண்டே இருக்கிறார்கள். (அவர்களுக்கும் நாரி நோகும், அது கடும் உழைப்பு, அதை நான் மறைக்கவில்லை.) ஆனால் அந்த இலகு எங்கள் பிள்ளைகளிடம் பத்து வயதோடு போய்விடுகிறது.

என் மகள் வகுப்பிலேயே உயரம். அவளுக்கும், அவளைவிட ஒரு முழம் குறைந்த பிள்ளைக்கும் ஒரே அளவு மேசை, ஒரே அளவு கதிரை. தலை மட்டுமே நாலு ஐந்து கிலோ பாரம். உயரம் குறைந்த மேசையில் எழுதக் குனிந்தால் அதை முழுக்கப் பிடித்துக்கொண்டிருப்பது பிடரித் தசைதான். மற்றப் பிள்ளைக்கோ கால் நிலத்தில் படாது. இந்த இரண்டு பேரிடமும் “நேராக இரு” என்று சொல்லி என்ன பயன்?

புதிய தளபாடம் கேட்கவில்லை, அதற்குக் காசில்லை என்பது தெரியும். வகுப்புகளுக்கிடையில் மேசை கதிரைகளை உயரம் பார்த்து மாற்றிவிடுங்கள். கால் எட்டாத பிள்ளைக்கு ஒரு பலகைத் துண்டு போதும். 40 நிமிடப் பாடம் முடிய எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து கை காலை உதறட்டும். அன்றைக்குத் தேவையில்லாத புத்தகங்களைச் சுமந்து வரச் சொல்லாதீர்கள். “நேராக இரு” என்று சொல்ல வாய் வரும்போது, “கழுத்தை இளக்கு, காலை நிலத்தில் வை, மூச்சை விடு” என்று சொல்லிப் பாருங்கள், கேட்கிற பிள்ளையின் தோள் தானாக இறங்குவதை நீங்களே காண்பீர்கள்.

மேசை மாற்ற ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமை நான் வருகிறேன், இன்னும் நாலு பெற்றோரையும் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
உவர்மலையிலிருந்து ஒரு தாய்