வெக்கை சீலையாலை இல்லை, பிள்ளை

வேலணை,
பங்குனிக் கடைசி.

அன்பு மகளுக்கு,

வங்கியிலை இருந்து நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்திட்டுது எண்டு நீ சொன்ன நேரம் தொட்டு அப்பா காணுற ஆக்களுக்கெல்லாம் சொல்லித் திரியிறார். எனக்கும் சந்தோசம்தான். ஆனா நீ வட்ஸ்அப்பிலை அனுப்பின சீலைப் படத்தைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க ஏலாமல் போச்சு. போனிலை சொன்னா "ஓம் அம்மா, ஓம் அம்மா" எண்டு வைச்சிடுவாய். எழுதி அனுப்பினா ஆறுதலா இருந்து வாசிப்பாய்.

நீ அனுப்பினது ஜோர்ஜெட். கசங்காது, பஸ்ஸிலை வந்தாலும் அப்பிடியே நிக்கும் எண்டு எழுதியிருந்தாய். அது உண்மைதான். ஆனா அந்த விலைக்கு வாற ஜோர்ஜெட் பொலியெஸ்டர் பிள்ளை. 100 கிராம் பருத்தி காத்திலை இருக்கிற ஈரத்தையே 8 கிராம் அளவுக்கு உறிஞ்சி வைச்சிருக்கும். பொலியெஸ்டர் அரைக் கிராம்கூட எடுக்காது. அப்ப வேர்வை எங்க போறது? முதுகாலை ஓடும். உள்ள ஏசி எண்டால் அந்த ஈரம் குளிர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

பதுளை மலைக் குளிரிலை இருந்து பழகினதாலை இஞ்சத்தை வெயில் உனக்கு மறந்திருக்கும். ஏப்ரல் 14, 15 அளவிலை சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியிலை வரும். உன்ர பரீட்சை அந்த மாதக் கடைசியிலை. சோழகக் காத்து இன்னும் வடிவா எழும்பியிராது. இலை அசையாது, ஒரே அவிச்சல்.

இனி நான் சொல்ல வந்த விசயம். சீலை எண்டால் வெக்கை எண்டு எல்லாரும் சீலையைத்தான் பேசுவினம். நான் இவ்வளவு காலமா ரீச்சர்மாருக்குத் தைக்கிறன். காத்தாடி இல்லாத வகுப்பறையிலை காலமையிலை இருந்து ரெண்டு மணிவரைக்கும் நிண்டு படிப்பிக்கிற ஆக்கள் அவை. வெக்கை சீலையாலை இல்லை, உள்ளுக்குப் போடுறதாலை. நல்ல நூல் சீலைக்கு உள்ளை மினுங்குற லைனிங் வைச்ச பிளவுசும் சற்றின் உள்பாவாடையும் போட்டால் அந்த நூல் சீலையாலை ஒரு பிரயோசனமும் இல்லை. உடம்பைத் தொடுற துணிதான் முதல் கணக்கு.

அதாலை பிளவுஸை நானே தைக்கிறன். அங்க கடையிலை குடுக்காதை. கனபேர் மேல்துணியைப் பருத்தியிலை எடுத்துப்போட்டு லைனிங்கைப் பார்க்கிறேல்லை. தையல்காரர் மலிஞ்ச பொலியெஸ்டரை வைச்சுத் தைச்சுக் குடுத்திடுவினம். நான் லைனிங் வாங்கினால் ஒரு நூலை இழுத்து நெருப்புக் காட்டிப் பார்ப்பன். பருத்தி எண்டால் கடதாசி எரிஞ்ச மணம் வரும், சாம்பல் தொட்டவுடனை பொடியாப் போகும். பொலியெஸ்டர் எண்டால் சுருண்டு உருகி, நுனியிலை கறுப்பா ஒரு மணி மாதிரிக் கட்டியா நிக்கும், நகத்தாலை நசிச்சாலும் உடையாது. நீயும் ஒருக்கா செய்து பார், பிறகு ஒரு கடைக்காரரும் உன்னை ஏமாத்த ஏலாது. லைனிங்கை வெட்ட முதல் ஒரு இரவு தண்ணியிலை ஊறப்போட்டுக் காயவிட வேணும். பருத்தி முதல் தோய்ச்சலிலை சுருங்கும். அப்பிடியே தைச்சால் பிறகு மேல்துணி அங்கங்க பொங்கி நிக்கும்.

கமக்கட்டுக்கு உள்ளை பழைய வேட்டித் துணியை ரெண்டு மடிப்பா, முட்டை வடிவிலை வெட்டி, ஓட்டுத் தையலாலை பிடிச்சு விடுறன். நனைஞ்சால் அதுதான் நனையும், வெளியிலை தெரியாது. வீட்டுக்கு வந்து தையலை உருவித் தோய்க்கலாம். கைக்குழியை இறுக்கமா வைக்கச் சொல்லிக் கேட்காதை. படத்திலை வடிவா இருக்கும், வெயிலிலை முதல் நனையிறது அந்த இடந்தான்.

நிறத்தையும் யோசி. வெளிர் நீலம், சாம்பல், இளம்பச்சை, வெறும் ரோசா இதெல்லாம் ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் இருண்டு காட்டிக் குடுத்திடும். வெள்ளை, கருநீலம், கறுப்பு காட்டாது. சின்னப் பூப்போட்டதும் காட்டாது. பட்டு உடுக்கப் போறன் எண்டு மட்டும் சொல்லாதை. வேர்வை பட்ட பட்டிலை மஞ்சள் கறை ஏறினால் போகாது.

சீலைக்கு நான் ஒண்டு பார்த்து வைச்சிருக்கிறன், மருதமுனைக் கைத்தறி. கருநீலம், சின்னச் சிவப்புக் கரை. தறியிலை போட்ட பசை போகிறதுக்கு தனியா ரெண்டு தரம் நனைச்சு எடுத்திட்டன், இப்ப உடம்போடை படிஞ்சு விழுது. நீ பயப்பிடுற மாதிரி கசங்கத்தான் செய்யும். ஆனா நூல் சீலையிலை கசங்கல் குறையில்லை, அதைப் பார்க்கிற ஆக்களுக்கும் தெரியும். நல்லா மினுக்கி, சூடு ஆறும்வரை கொடியிலை தொங்கவிட்டு உடுத்தால் மடிப்பு நிக்கும். சூட்டோடை உடுத்தால்தான் இருந்த இடத்திலையே சுருக்கம் விழும். கஞ்சி வேண்டாம், போட்டாலும் தண்ணி மாதிரி மெல்லிசாத்தான். கெட்டிக் கஞ்சி இழைக்கு நடுவிலை இருக்கிற துவாரத்தை அடைச்சுப்போடும், பிறகு காத்து உள்ள போகாது.

உள்பாவாடை பருத்தியிலைதான். சற்றின் வழுக்கும், முன்னாலை மடிச்சுச் செருகின கொய்யகம் மெல்லமெல்ல இறங்கும், நீ நாற்காலியிலை இருந்துகொண்டு இடுப்பைப் பிடிச்சுப் பிடிச்சு இழுப்பாய். நாடாவுக்குப் பதிலா 2 அங்குல அகலத்திலை பட்டி வைக்கிறன். மெல்லிய நாடா வேர்வையோடை உரஞ்சி இடுப்பைப் புண்ணாக்கிப்போடும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு சொல்லுறன் எண்டால், அந்த அறைக்குள்ளை உன்ர கை சீலைத் தலைப்பிலையோ பிளவுசிலையோ போகக்கூடாது. நீ படிச்ச படிப்பு அவைக்குத் தெரிய வேணும். உடுப்பு உன்னைத் தொந்தரவு பண்ணினால் கேள்வியிலை பாதிதான் காதிலை விழும்.

மற்றதுகள் சின்னச் சின்ன விசயம். வேர்வைக்குப் பூசுறதை முதல் நாள் இரவு படுக்க முதல் பூசு, வேர்வை குறைஞ்ச நேரத்திலைதான் அது நல்லாப் பிடிக்கும். முகத்துக்குப் பவுடர் அப்பாதை, வேர்த்தால் வெள்ளைக் கோடாத் தெரியும். முகம் துடைக்கக் கைலேஞ்சி ரெண்டு வை. போட்டுப் பழகின செருப்பையே போடு. சான்றிதழ் ஃபைலைக் கமக்கட்டுக்கை வைச்சுக்கொண்டு நடக்காதை, கையிலை பிடி. வழியிலை ரொய்லெட் இராது எண்டு தண்ணி குடிக்காமல் விடாதை, வெயிலுக்குத் தலை சுத்தும்.

பஸ்ஸிலை வாறதெண்டால் பண்ணைப் பாலத்திலை கடல்காத்து யன்னலாலை அடிக்கும், தோளிலை பின் குத்தாமல் ஏறாதை. அப்பா மோட்டார் சைக்கிளிலை கொண்டுபோய் விடுறன் எண்டுறார், நான் வேண்டாம் எண்டிட்டன். வெயிலிலை சீலையோடை ஒருபக்கமா இருந்து போறது சரிவராது. பத்து மணிக்கு எண்டால் ஒன்பதரைக்கே ஆஸ்பத்திரி வீதி வங்கியிலை நில். நடந்து போனவுடனை வேர்வை நிக்காது, இருந்த பிறகும் கொஞ்ச நேரம் வந்துகொண்டேதான் இருக்கும். முதல் முகத்தையும் மணிக்கட்டையும் தண்ணியாலை கழுவிப்போட்டு, காத்தாடிக்குக் கீழை பேசாமல் இரு. பேர் கூப்பிடேக்கை உடம்பு ஆறியிருக்கும்.

அளவைக் கெதியா அனுப்பு. போன வருசப் பிளவுஸ் அளவு வேண்டாம், நீ இப்ப மெலிஞ்சிட்டாய். நெஞ்சு, இடுப்பு, தோள், கைக்குழி நாலையும் கூட இருக்கிற பிள்ளையைக் கொண்டு எடுப்பி, நீயே எடுத்தால் நாடா பின்னாலை இறங்கும். கைக்குழி எடுக்கேக்கை கையைத் தொங்கவிட்டு நில், தூக்காதை. வெள்ளிக்கிழமைக்கு முதல் வந்தால் சனிக்கிழமை வெட்டிப்போடுவன், நீ வீட்டை வந்தவுடனை போட்டுப் பார்த்துத் திருத்த ஒரு நாள் மிஞ்சும்.

அன்புடன்,
அம்மா